உணரிக்கு முன் பழுதுபார்ப்பவர்: நகரங்களை ஆள்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையர்களுக்கும், திட்டமிடும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தின் கட்டுப்பாட்டு அறையைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சுவர் முழுவதும் திரைகள். சாலைகள், குடிநீர்க் குழாய்கள், தெருவிளக்குகள், குப்பைத் தொட்டிகள் என நகரம் மொத்தமும் வண்ணக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் அவற்றில் விரிந்து கிடந்தது. குடிநீர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னியது. அது என்னவென்று கேட்டேன். முதன்மைக் குழாய் ஒன்றில் கசிவு இருப்பதாக உணரி (சென்சார்) காட்டுகிறது என்றார் அங்கிருந்த இளம் பொறியாளர். எத்தனை நாளாக என்று கேட்டபோது, பதிவைத் திறந்து பார்த்துவிட்டு 11 நாள் என்றார். கசிவைச் சரிசெய்யும் குழு வேறொரு பிரிவின்கீழ் இருக்கிறது. அந்தப் பிரிவினர் இந்தத் திரையைப் பார்க்க முடியாது. தாளில் எழுதித்தான் அனுப்ப வேண்டும். எழுதி அனுப்பியாயிற்று என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவரிடம் குறை சொல்ல எதுவுமில்லை. அவருடைய வேலையை அவர் செவ்வனே செய்திருந்தார். ஆனால் அந்த 11 நாளும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீரைப் பற்றிய நினைப்பு என்னை விட்டு அகலவில்லை. இந்த மடல் அதிலிருந்து பிறந்தது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் அல்லன். உலக மக்களில் 55 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்வதாகவும், 2050க்குள் அந்த அளவு 68 விழுக்காடாக உயரும் என்றும் ஐக்கிய நாடுகள் அவை 2018இல் மதிப்பிட்டது. இத்தனை மக்களுக்கு நீரும் காற்றும் நிழலும் போக்குவரத்தும் கிடைக்க வேண்டுமானால், அளந்து பார்க்காமலும் கணக்கிடாமலும் ஒரு நகரத்தை நடத்த முடியாது. ஆகவே கருவிகள் வேண்டும், தரவு வேண்டும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். என் வேண்டுகோள் எதை முதலில் செய்வது என்ற வரிசையைப் பற்றியது. எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும், அது தரும் செய்தியைக் கேட்டு எழுந்துபோய் வேலையை முடிக்கப் போகிறவர் யார், அவருக்கு வண்டியும் உதிரிப் பாகமும் சம்பளமும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கருவியை வாங்க இன்னும் நேரம் வரவில்லை என்று கொள்ளுங்கள்.

இந்த வரிசையைச் சரியாகப் பிடித்த நகரங்களில் நான் அதிகம் மதிப்பது கம்போடியத் தலைநகர் புனோம் பென்னை. திறன்மிகு நகரங்களை (ஸ்மார்ட் சிட்டி) பற்றிய பளபளப்பான சிற்றேடுகளில் அதன் பெயரைக் காண்பது அரிது. நெடிய போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்த நகரத்தில் 1993இல் குழாயில் செலுத்தப்பட்ட நீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போயிற்று. மக்களில் சிறு பகுதியினருக்கே குழாய் இணைப்பு இருந்தது. அவர்களுக்கும் நாளில் சில மணி நேரமே நீர் வந்தது. அந்த ஆண்டு குடிநீர் வழங்கல் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற எக் சொன் சான் என்ற பொறியாளர், இருந்த இணைப்புகளை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் மீட்டர் பொருத்தச் செய்தார். பழைய குழாய்களை மாற்றினார். அரசு அலுவலகங்களையும் செல்வாக்கு உள்ளவர்களையும் மற்றவர்களைப் போலவே கட்டணம் செலுத்த வைத்தார். ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் தள்ளுபடி தரப்பட்டது. குழாய் வலையமைப்பு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்தின் அழுத்தமும் ஓட்டமும் தொலைவிலிருந்தே கண்காணிக்கப்பட்டன. இரவும் பகலும் பழுதுபார்ப்புக் குழுக்கள் ஆயத்தமாக இருந்தன. சுமார் 15 ஆண்டுகளில் அந்த 72 விழுக்காட்டு இழப்பு ஏறக்குறைய 6 விழுக்காடாகக் குறைந்தது. நாள் முழுவதும் நீர் வந்தது. எக் சொன் சானுக்கு 2006இல் ரமோன் மக்சேசே விருதும், அந்த நிறுவனத்துக்கு 2010இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதும் கிடைத்தன.

இங்கே தொழில்நுட்பம் வந்து சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். தொலைக் கண்காணிப்பு வந்தபோது, அது சொல்வதைக் கேட்டு இரவில் கடப்பாரையோடு கிளம்பும் ஆட்கள் இருந்தார்கள். கசிவைக் கண்டறியும் முறையும் அப்படியொன்றும் மாயமானது அன்று. ஒரு வட்டாரத்துக்குள் நீர் நுழையும் இடத்தில் ஒரு மீட்டரை வைத்து, ஊர் உறங்கும் அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்று பார்த்தால், அந்த நேரத்தில் குளிப்பவரும் துவைப்பவரும் மிகக் குறைவு என்பதால், போகும் நீரில் பெரும்பகுதி கசிவுதான் என்று தெரிந்துவிடும். பிறகு கசிவின் ஓசையைக் கேட்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்து இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு தோண்ட வேண்டும். நீரின் தேவை குறைந்த இரவு வேளையில் குழாயின் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தாலே, ஒரு தெருவையும் தோண்டாமல் இழப்பின் ஒரு பகுதியைத் தடுத்துவிடலாம். இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. விட்டுவிட்டு நீர் வரும் குழாயில், நீர் நின்றிருக்கும் வேளையில் உள்ளே அழுத்தம் இறங்கிப் போவதால், சுற்றியுள்ள மண்ணில் தேங்கிய அழுக்கு நீர் விரிசல்கள் வழியே குழாய்க்குள் புகுந்துவிடும். கசிவை அடைக்காத நகரம் நீரை இழப்பதோடு, அந்த விரிசல்களின் வழியே நோயையும் தன் வீடுகளுக்குள் விடுகிறது.

இன்னொரு சிறிய எடுத்துக்காட்டு என் நெஞ்சுக்கு நெருக்கமானது. சிங்கப்பூரில் 2009 முதல், முதியோரும் உடற்குறை உள்ளோரும் சாலையைக் கடக்கும் இடத்தில் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் தொட்டால், பச்சை விளக்கு கூடுதலாகச் சில நொடிகள் எரியும் ஏற்பாடு இருக்கிறது. சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 நொடி முதல் 13 நொடி வரை கிடைக்கும். முழங்கால் வலியோடு சாலையின் நடுவில் நின்று இரு பக்கமும் வாகனங்கள் உறுமுவதைக் கேட்ட எவருக்கும் அந்த 13 நொடியின் மதிப்பு தெரியும். இதற்குத் தனிக் கட்டுப்பாட்டு அறை தேவைப்படவில்லை. யாருடைய முகத்தையும் படம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாக நடப்பவர் ஒருவரை மனத்தில் வைத்து யாரோ ஒருவர் சிந்தித்திருக்கிறார், அவ்வளவே.

சியோல் நகரம் 2013இல் நள்ளிரவுப் பேருந்துகளைத் தொடங்கியபோது, வழித்தடங்களை மேசையிலிருந்து கற்பனையாக வரையவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கைப்பேசி அழைப்புகள் எந்தெந்தப் பகுதிகளில் குவிகின்றன என்ற பதிவுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த வேளையில் மக்கள் எங்கிருந்து எங்கே வீடு திரும்புகிறார்கள் என்று கணித்து, அதன்படி தடங்களை அமைத்தது. இரவுப்பணி முடித்து வாடகை வண்டிக்குப் பணமில்லாமல் விடியும்வரை காத்திருந்தவர்களுக்கு அது பேருதவி. தரவு இங்கே பேருந்தாக மாறித் தெருவுக்கு வந்தது என்பதுதான் நான் சுட்டிக்காட்ட விரும்புவது. தரவை அறிக்கையாக மாற்றி அலமாரியில் வைத்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்டாக்ஹோமின் நெரிசல் கட்டணம் வேறொரு வகையில் பாடமாக அமைகிறது. நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் என்ற திட்டத்துக்கு முதலில் கடும் எதிர்ப்பு இருந்தது. நகரம் அதை உடனே நிலைநிறுத்தவில்லை. முந்தைய ஆண்டிலேயே கூடுதல் பேருந்துகளை ஓடவிட்டு, 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தைச் சோதனையாக நடத்தி, பிறகு நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தியது. சோதனைக் காலத்தில் கட்டணப் பகுதியின் எல்லையைக் கடந்த போக்குவரத்து ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததை மக்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். முன்பு எதிர்த்த நகரத்தில் ஆதரவு பெரும்பான்மையாயிற்று. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிலையானது. வாகன எண் பலகையைப் படிக்கும் கருவி எல்லா நகரங்களுக்கும் விலைக்குக் கிடைக்கும். முதலில் மாற்று வழியைக் கொடுத்து, பிறகு சோதித்துக் காட்டி, அதன்பின் மக்களைக் கேட்கும் பொறுமைதான் விலைக்குக் கிடைக்காது.

வெற்று நிலத்தில் புது நகரம் எழுப்பும் ஆசையைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனெனில் உங்களில் பலருடைய மேசைகளில் அத்தகைய வரைபடங்கள் இருக்கின்றன. தென் கொரியாவின் சொங்டோ, குப்பையை நிலத்தடிக் குழாய்வழி உறிஞ்சும் ஏற்பாட்டோடும், தெருவெங்கும் உணரிகளோடும் கடலிலிருந்து மீட்ட நிலத்தில் கட்டப்பட்டது. அந்த நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. அது கடல்நீர் ஏறி இறங்கும் ஓதச் சேற்றுப் பரப்பு. அழியும் நிலையிலுள்ள கருமுகக் கரண்டிவாயன் உள்ளிட்ட வலசைப் பறவைகள் இரை தேடிய இடம். நீடித்த நகரம் என்ற பெயரில் ஒன்றைக் கட்டுவதற்கு அப்படியொரு பரப்பை நிரப்பியதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அபுதாபிக்கு அருகில் மஸ்தார் நகரம் 2006இல் அறிவிக்கப்பட்டபோது, கார்பன் உமிழ்வே இல்லாமல் சுமார் 50,000 பேர் வாழும் இடமாக 2016க்குள் நிறைவுபெறும் என்றார்கள். அந்தக் கெடு தள்ளித்தள்ளிப் போயிற்று. ஓட்டுநர் இல்லாத சிறு வண்டிகளை நகரெங்கும் ஓட்டும் திட்டம் சிறு பகுதியோடு நின்றுபோனது. ஆனால் அங்கே எதிர்பார்த்தபடி பயன் தந்தவை எவை என்று பார்த்தால், ஒன்றுக்கொன்று நிழல் தரும்படி நெருங்கி நிற்கும் கட்டடங்கள், காற்று வரும் திசை பார்த்து அமைத்த குறுகிய தெருக்கள், காற்றைக் கீழே இறக்கும் கோபுரம். பாலைவன ஊர்களில் பல நூற்றாண்டுகளாக மக்கள் அறிந்திருந்த முறைகள் இவை. உங்கள் நகரத்தின் பழைய பகுதியில் கோடையில் எந்தத் தெரு குளிர்ச்சியாக இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று முதலில் நடந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

மழையும் அப்படித்தான். 2011 ஜூலை 2ஆம் நாள் கோபன்ஹேகனில் சுமார் இரண்டு மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, நிலவறைகளும் சாலைகளும் மூழ்கின. எல்லா வடிகாலையும் தோண்டிப் பெரிதாக்குவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்ட நகரம், வேறு வழியை எடுத்தது. அடுத்த ஆண்டே வகுத்த பெருமழைத் திட்டத்தின்படி, ஏறக்குறைய 300 பணிகளின் வழியே பூங்காக்களும் தெருக்களும் மழைநாளில் நீரைத் தாங்கி வைத்து மெல்ல விடும்படி மாற்றப்பட்டு வருகின்றன. 2019இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட எங்கேவே பூங்கா 20,000 கன மீட்டருக்கும் மேற்பட்ட நீரைத் தேக்கக்கூடியது. மற்ற நாள்களில் அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இல்லாமல் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் ஓடும் என்று வடிவமைத்திருக்க முடியாது. ஆனால் மழை பெய்யும்போது நீரைத் தாங்குவது மண்ணும் புல்லும் சரிவான தரையும்தான்.

அதே கோபன்ஹேகனிடம் நான் மதிக்கும் இன்னொன்று அதன் நேர்மை. 2025க்குள் கார்பன் சமநிலை அடைவோம் என்று 2012இல் உறுதியளித்த நகரம், குப்பை எரி உலையில் கார்பனைப் பிடித்து வைக்கும் திட்டத்துக்கு நிதி கிடைக்காத நிலையில், அந்த இலக்கை எட்ட முடியாது என்று 2022இல் வெளிப்படையாகவே சொன்னது. தவறவிட்ட இலக்கை ஒப்புக்கொள்ளும் நிர்வாகத்தின் அடுத்த வாக்குறுதியை மக்கள் நம்புவார்கள்.

இனி, நம்பிக்கையை இழக்கும் வழி. லாஸ் ஏஞ்சலிஸ் 2009இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் சுமார் 1,40,000 தெருவிளக்குகளை எல்இடி விளக்குகளாக மாற்றி, அவற்றின் மின்செலவில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மிச்சம் பிடித்தது. அதே கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியேகோ 2016இல் ஒப்புதல் அளித்த தெருவிளக்குத் திட்டமும் மின்சாரச் சேமிப்பு என்ற பெயரில்தான் தொடங்கியது. ஆனால் அதில் 3,000க்கும் மேற்பட்ட கம்பங்களில் ஒளிப்படக் கருவிகளும் சேர்ந்து வந்தன. அவற்றின் பதிவுகளைக் காவல்துறை பயன்படுத்துவது மக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது சில ஆண்டுகள் கழித்தே. எதிர்ப்பு வலுத்து, விதிமுறை வகுக்கும்வரை அவற்றை நிறுத்தி வைக்க 2020இல் மேயர் உத்தரவிட்டார். கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பது விவாதத்துக்கு உரியது. அந்த விவாதம் விளக்கு நடுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. டொரண்டோவில் ஏரிக்கரையின் 12 ஏக்கர் நிலத்தில் உணரிகள் நிறைந்த குடியிருப்பைக் கட்ட ஒரு பெருநிறுவனத்தின் கிளை 2017இல் முன்வந்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம், எந்த நிலையில் அதிலிருந்து ஆளின் அடையாளம் நீக்கப்படும் என்பதற்கு நிறைவான பதில் கிடைக்காமல், ஆலோசகராக இருந்த தனியுரிமை வல்லுநரே 2018இல் விலகினார். 2020 மே மாதத்தில், பொருளாதார நிலை நிச்சயமில்லை என்ற காரணத்தைச் சொல்லி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

கருவிகள் முடங்கும் நாளையும் நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் அட்லாண்டா மாநகராட்சியின் கணினிகளை, பணம் கேட்டு மிரட்டும் தீநிரல் ஒன்று பூட்டிவிட, குடிநீர்க் கட்டணம் செலுத்துவது முதல் நகர நீதிமன்றத்தின் அலுவல் வரை பல பணிகள் நாள்கணக்கில் தடைபட்டன. அலுவலர்கள் தாளையும் பேனாவையும் கையில் எடுத்தார்கள். எல்லா வழியையும் செயலிக்குள் கொண்டுபோய் மூடிவிடும் நிர்வாகம் அந்த ஒரு நாளுக்காக மட்டும் கவலைப்பட்டால் போதாது. கைப்பேசி இல்லாதவருக்கும், இருந்தும் எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காதவருக்கும், ஆண்டின் எல்லா நாளுமே அப்படிப்பட்ட முடங்கிய நாள்தான். முகப்பில் ஒரு மேசையும், அதன் பின்னால் காது கொடுத்துக் கேட்கும் ஒருவரும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பில், வாங்கும் விலையோடு, அடுத்த பத்து ஆண்டுகளுக்கான மின்கலம், உதிரிப் பாகம், மென்பொருள் புதுப்பிப்பு, பயிற்சி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். திரட்டப்படும் தரவு நகரத்துக்கே உரியது என்றும், ஒப்பந்தம் முடிந்தால் வேறொரு நிறுவனம் எடுத்து நடத்தும்படி திறந்த வடிவில் அது ஒப்படைக்கப்படும் என்றும் எழுதுங்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவையும், வட்டாரக் கூட்டத்தில் எடுத்துரைத்து ஒப்புதல் பெறாமல் சேகரிக்காதீர்கள். ஒரு வட்டாரத்தில் எந்தப் பணியைத் தொடங்கும் முன்பும், அங்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டும் போகிறவர்களோடு ஒரு நாள் முழுதும் நடந்து பார்த்துவிட்டு வரைபடத்தை விரியுங்கள். கசிவு, விளக்கு, குப்பை, சாலைப் பள்ளம் என எந்தக் குறையானாலும், அது தெரியவந்த நேரத்தையும் சரிசெய்யப்பட்ட நேரத்தையும் வட்டாரவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள். செல்வர்கள் வாழும் பகுதிக்கும் ஏழைகள் வாழும் பகுதிக்கும் இடையே அந்த நேரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது அப்போது தானே தெரியும்.

அந்தக் கட்டுப்பாட்டு அறையின் திரையைப் பழுதுபார்ப்புக் குழுவின் கையிலும் கொடுப்பதற்கு ஆகும் செலவு, அந்த அறையின் ஒரு சுவருக்கு ஆன செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் புதிய கருவிகளுக்கான தலைப்பை எழுதும்போது, அதற்கு மேல்வரியில் குழாய் பழுதுபார்ப்போருக்கும், வடிகால் தூர்வாருவோருக்கும், விளக்கு மாற்றுவோருக்கும் உரிய ஆள்பலத்தையும் பாதுகாப்புக் கருவிகளையும் ஊதியத்தையும் எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நகரவாசி ஒருவன்